மீனாட்சி பாட்டு கேசட்டுகளை டிஜிட்டலாக்க: மதுரை டவுன்ஹால் ரோட்டுச் சந்துக் கடை

பழைய கச்சேரி கேசட்டை எம்பி3 ஆக்கித் தரும் கடைகள் பலவும் டெக்கில் போட்டு, ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகுவதோடு சரி. இங்கே முதல் வேலையே சுருதி பார்ப்பதுதான். அதற்காகவே இந்தக் கடைக்குப் போகலாம்.

பெல்ட் தேய்ந்தாலோ மோட்டார் தடுமாறினாலோ வேகம் மாறும். நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டிய நாடா 6 சதவீதம் கூடுதலாக ஓடினால், ஒரு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடுவார். சியாமா சாஸ்திரியின் 'மரிவேரே கதி' ஆனந்தபைரவி ராகத்தில், மிஸ்ர சாப்பு தாளத்தில் நிதானமாக நகர வேண்டிய கீர்த்தனை. அந்த ஓட்டத்தில் உருக்கமே போய்விடும். சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்து, மோட்டார் திருகைச் சரிசெய்த பிறகுதான் பதிவைத் தொடங்குகிறார்கள். பாடகரின் கட்டை தெரிந்தால் எழுதிக் கொடுங்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, அதன் சாய்வையும் ஒவ்வொரு கேசட்டுக்கும் திருத்துகிறார்கள்.

இரைச்சல் நீக்கம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவரது 'மாயம்மா' கீர்த்தனை ஆஹிரி ராகத்தில் இழைந்து அடங்கும் இடங்களில் இரைச்சலோடு தம்பூராவையும் அது துடைத்துவிடுகிறது. சுருக்காத வேவ் கோப்பாகவே கேளுங்கள். 60 நிமிடத்துக்குச் சுமார் 600 எம்பி. நாகசுர கேசட் என்றால் பதிவு அளவைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், உச்சத்தில் பிளிறிவிடும்.

வருகிற கேசட் உறைகளில் 'மீனாட்சி பாட்டு' என்றுதான் எழுதியிருக்கிறது. ராகம் இல்லை, இயற்றியவர் பெயரும் இல்லை. 1762-ல் திருவாரூரில் பிறந்து, தஞ்சாவூரில் பங்காரு காமாட்சிக்குப் பூசை செய்த சியாமா சாஸ்திரி மீனாட்சி மேல் பாடிய ஒன்பது கீர்த்தனைகளான நவரத்னமாலிகையை மதுரை தன் வீட்டுப் பாட்டாகவே எடுத்துக்கொண்டது. பாட்டோ தெலுங்கு. மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற குரல் வலுத்து, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்த பின்னும் இவை இங்கே அந்நியமாகவில்லை. சரணத்தில் 'மதுராபுரி' என்று ஊர்ப்பெயர் விழுந்தால் போதும். நாகசுரத்தில் கேட்பவருக்குச் சொல்லே தேவையில்லை.

ஆனாலும் சாஸ்திரிகளின் பெயர் உதிர்ந்துபோவது வருத்தம்தான். கோப்புக்குக் கடைக்காரர்கள் ராகம், தாளம் மட்டும் பெயராக வைக்கிறார்கள். 'சரோஜதள நேத்ரி', 'தேவி மீன நேத்ரி' இரண்டுமே சங்கராபரணம், ஆதி. எது எதுவென்று பிறகு தெரியாது. பல்லவியின் முதல் சொல்லையும் சியாமா சாஸ்திரி பெயரையும் தாளில் எழுதிக் கொடுத்தால் அப்படியே போட்டுத் தருகிறார்கள்.

ஒரு மணி நேர நாடா ஓட ஒரு மணி நேரம் ஆகும். பத்து கேசட்டை நவராத்திரிக்கு முந்தின நாள் கொண்டுபோய் நிற்க வேண்டாம்.