பறைக்கு ஹவுஸா, கோமா?

கிளிநொச்சிப் பக்கத்துக் கோயில் திருவிழாவில் பதிந்த பறையொலி கையில் இருக்கிறது. ரீமிக்ஸ் பண்ண, ஹவுஸ், கோம் (gqom) என்ற இரண்டு மின்னணு நடன இசைகளில் எதன் தாளத்தை எடுப்பது?

ஹவுஸ் 1980களின் தொடக்கத்தில் சிகாகோவில் பிறந்தது. நாலு அடிக்கும் கிக் (டிரம்மின் கனத்த அடி) விழும். கலியாண வீட்டில் போட்டால் பெரிசுகளும் கால் வைப்பார்கள்.

கோம், தென்னாபிரிக்காவின் டர்பன் பெடியள் 2010 வாக்கில், பெரும்பாலும் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் உருவாக்கியது. வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் அநேகமாக நிமிடத்துக்கு 120 – 130 அடிக்குள்தான். வித்தியாசம் கிக் விழும் இடத்தில். கோமில் அது முறிந்து முறிந்து விழும், நடுவே வெறும் இடம் கிடக்கும். மூன்று மூன்றாய் ஓடும் திஸ்ர நடைப் பறைக்கு அந்த இடம்தான் வேணும். ஹவுஸின் நாலடிக்குள் அதை இழுத்துப் பொருத்தினால், அடிப்பவரின் கை கொஞ்சம் முந்துவதும் பிந்துவதும் போய்விடும். மெசின் அடித்த மாதிரித்தான் கேட்கும். (பாஸை, அதாவது தாழ்ந்த கனத்த ஒலியைக் கூட்டினீர்களோ, பறையையே கிக் விழுங்கிவிடும்.)

என் தெரிவு கோம். மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டி சின்னதென்றால் மட்டும் ஹவுஸ். கோமின் ஆழ்ந்த பாஸ் அதில் எடுபடாது. செத்தவீட்டில் பதிந்த பறையென்றால் இரண்டுமே வேண்டாம்.