சாவிக்குள் இருக்கும் சிப்: தஞ்சாவூரில் ஒரு கார் பழுதுபார்ப்பு அனுபவம்

ஊருக்கு வந்து பெற்றோரின் காரை ஓட்டும் வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் பயன்படும் என்பதால், தஞ்சாவூரில் அப்பாவின் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது யார் யார் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். திருச்சி விமான நிலையத்துக்குத் தங்கையை அழைக்கக் கிளம்பிய காலையில், சாவியைத் திருப்பியதும் செல்ஃப் நன்றாகவே எடுத்தது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. மீட்டர் போர்டில் சாவிப் படம் போட்ட சிறு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. தங்கையை வாடகைக் காரில் அழைத்து வந்துவிட்டோம்.

முதலில் வந்த தெருமுனை மெக்கானிக், பெட்ரோல் பம்ப்பில்தான் கோளாறு என்று நினைத்துப் பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார், பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், மீண்டும் மீண்டும் செல்ஃப் அடித்துப் பார்த்தார். அதில் நன்றாக இருந்த பேட்டரியும் இறங்கிப்போனது. வண்டி சரியாகாததால் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் அந்த விளக்கை அவர் கவனித்திருக்க வேண்டும்.

காப்பீட்டுடன் சேர்த்து வாங்கியிருந்த சாலையோர உதவியை அழைத்தபோது, ஒருவர் ஜம்பர் கேபிளுடன் வந்து பேட்டரிக்கு உயிர் கொடுத்தார். செல்ஃப் பழையபடி எடுத்தது, இன்ஜின் பழையபடியே பிடிக்க மறுத்தது. அவர் சொன்னதன் பேரில் சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் பேசினோம். வண்டியைப் பார்க்காமலேயே அவர்கள் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் போயிருக்கும் என்றும், மாற்ற 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும், டோ செய்து கொண்டுவருமாறும் சொன்னார்கள். வயதானவர் ஒருவரிடம் சோதனை எதுவும் இல்லாமல் இப்படி ஒரு தொகையைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா பாதி சம்மதித்துவிட்டார்.

அன்று மாலை உறவினர் ஒருவர் கீழவாசலிலிருந்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. சாவியைப் போட்டு, மின்னும் விளக்கைப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தச் சாவியக் கடைசியா எப்பக் கழட்டுனீங்க?" என்று கேட்டார். சாவியின் பிளாஸ்டிக் கூடு விரிசல் விட்டிருந்ததால், முந்தைய நாள்தான் சாவிக்கடை ஒன்றில் புதிய கூடு போட்டு வந்ததாக அப்பா சொன்னார். ரிமோட் கதவைத் திறந்து பூட்டுகிறதே, சாவி நன்றாகத்தானே இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

அவர் கூட்டை நெம்பித் திறந்து காட்டினார். ரிமோட் பலகையும் அதற்கான பேட்டரியும் உள்ளே இருந்தன. ஓரத்தில் இருந்த சிறு பள்ளம் மட்டும் வெறுமையாக இருந்தது. எதையும் தூக்கி எறியாத அம்மா, பழைய கூட்டைத் தையல் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அதன் ஓரத்தைப் பிளேடால் மெல்லக் கீறியபோது, சுமார் 12 மில்லிமீட்டர் நீளத்தில், ஆப்பு வடிவில் ஒரு கறுப்புத் துண்டு வெளியே வந்தது. அதைப் பொருத்துவதற்கு முன்பே, சாவித்துவாரத்தின் அருகே விரலால் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கு ஓரிரு நொடி எரிந்து அணைந்தது. இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

இம்மொபைலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பின் அடிப்படையே அந்தத் துண்டுக்குள் இருக்கும் சிப்தான். சாவித்துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் அலையை அனுப்புகிறது. அந்த அலையிலேயே சக்தி பெறும் சிப் தன் குறியீட்டைத் திருப்பிச் சொல்கிறது. அது பொருந்தாவிட்டால் காரின் கணினி எரிபொருளையோ பிளக்கின் தீப்பொறியையோ நிறுத்திவிடுகிறது. சில கார்களில் இன்ஜின் ஒரு நொடி பிடித்து அணையும், சிலவற்றில் செல்ஃப்பே எடுக்காது. இத்தகைய சாவியின் சிப்புக்குப் பேட்டரி கிடையாது என்பதால், ரிமோட் வேலை செய்வது சிப் இருப்பதற்குச் சான்றாகாது. நான் வசிக்கும் கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் இந்த அமைப்பு கட்டாயம். ஐரோப்பாவில் அதற்கும் முன்பே, 1998-இல் வந்துவிட்டது.

சாவி விளக்கு மின்னும்போது செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பதால் பேட்டரி இறங்குவதைத் தவிர பயனில்லை. முதலில் இன்னொரு சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வளையத்தில் வேறு கார்ச் சாவிகள் தொங்கினால் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் அவற்றின் சிப்புகள் குறுக்கிடலாம். பேட்டரி முனைகளில் உப்புப் போல் பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும். ஊர்க் காரின் இரண்டாவது சாவியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைப் பெற்றோரிடமே விட்டு வாருங்கள்.

எங்கள் இரண்டாவது சாவி எப்போதோ தொலைந்திருந்ததால், புதிய சாவி ஒன்றைப் பதிவு செய்ய அதே சர்வீஸ் சென்டருக்குத்தான் போனோம். அந்த வேலையை அவர்கள் முறையாகவே செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்சி புத்தகத்தையும் அடையாள அட்டையையும் சரிபார்த்து, உரிமையாளரான அப்பா நேரில் வந்த பிறகே கணினியை இணைத்தார்கள். கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். பல கார்களில் பதிவின்போது முன்வைக்கப்படாத சாவிகளின் குறியீடு அழிந்துவிடும், அப்படி அழிந்தால், தொலைந்த சாவியை வைத்து இனிமேல் யாரும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முடியாது.