பேஸ் ஆம்புக்கு எந்த வால்வு: 6எல்6, இஎல்34, 6550, கேடி88

பேஸ் கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பில், ஸ்பீக்கரை ஓட்டும் வலுவைத் தரும் கண்ணாடி வெற்றிடக் குழாய்தான் பவர் வால்வு. அது தளர்ந்துபோனால் முதலில் தெரிவது தாழ்ந்த கம்பியில்தான். ஈ கம்பியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். அங்கே கெட்டியாக நிற்க வேண்டிய ஒலி கொழகொழத்துப் போகும். வால்யூமைக் கூட்டினாலும் வலு வராது. சரி, மாற்றியாக வேண்டும். எதைப் போடுவது?

கிதார் வாசிப்பவர்களிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அவர்களுக்கு வால்வு சீக்கிரம் டிஸ்டார்ஷனுக்கு, அதாவது ஒலி கரகரக்கும் நிலைக்குப் போவது வேண்டும். பேஸுக்குப் பெரும்பாலும் நேர் எதிர்: டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கும் சத்தத்திலும் ஒலி கிழியாமல் இருக்க வேண்டும்.

6எல்6 குடும்பம் பழையது, 1936-ல் அமெரிக்க நிறுவனமான ஆர்சிஏ கொண்டுவந்தது. இன்று ஆம்பில் பார்க்கும் 6எல்6ஜிசி, ப்ளேட்டில் (எலெக்ட்ரான்களை வாங்கும் உள்தகட்டில்) 30 வாட் வெப்பம் தாங்கும். 1950-களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் இந்தக் குடும்பத்தின் இரண்டு வால்வுகளில் ஏறக்குறைய 45 வாட் தந்தது. மேல் சுரங்கள் தெளிவாக, அடி உருண்டையாக வரும். ரெக்கார்டிங்குக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். மேடையில் இரண்டு வால்வு போதாது, மூச்சு வாங்கும்.

இஎல்34 தாங்குவது 25 வாட். நடு அலைவரிசை முன்னே வந்து உறுமும். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிப்பவர்களுக்கு ருசிக்கும். ஆனால் அடி அவ்வளவு இறுக்கமாக இருக்காது. சுத்தமான பேஸ் தேடுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி 6550-க்கும் கேடி88-க்கும் இடையில்தான். இரண்டும் 1950-களில் ஹைஃபை ஆம்புகளுக்காக வந்தவை: 6550 அமெரிக்காவின் டங்-சால், கேடி88 இங்கிலாந்தின் ஜிஇசி. பேஸில் 6550-க்குப் பெயர் வாங்கித் தந்தது ஆம்பெக் எஸ்விடி. 1969-ல் வந்த அந்த 300 வாட் ஆம்ப் முதலில் 6146பி வால்வுகளோடு வந்தது. சில ஆண்டுகளிலேயே ஆறு 6550-க்கு மாறிவிட்டது. 6550-ன் ஒலி வறண்டது, இறுக்கமானது. விரல் கம்பியை விட்டதும் சத்தமும் டக்கென்று நிற்கும். கேடி88 மேலும் கீழும் கொஞ்சம் விரிந்து ஒலிக்கும். கேடி88-ன் டேட்டாஷீட் 800 வோல்ட் வரை அனுமதிக்கிறது, 6550ஏ-வுக்கு 660 வோல்ட். உயர் வோல்டேஜில் ஓடும் ஆம்புக்கு இது ஒரு நல்ல காரணம். மற்றபடி, இன்று தயாராகும் வால்வுகளில் இந்த இரண்டுக்கும் உள்ள ஒலி வித்தியாசம், ஸ்பீக்கர் பெட்டியை மாற்றினால் வரும் வித்தியாசத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் ஆம்ப் 6550-க்காகச் செய்யப்பட்டதா? 6550-யே போடுங்கள். மிச்சமாகும் பணத்தை நன்றாக மேட்ச் செய்த, அதாவது ஒரே அளவு கரண்ட் இழுக்கும் வால்வுகளாகப் பொறுக்கிய செட்டுக்குக் கொடுங்கள்.

உறையில் இருக்கும் பழைய பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். இன்று புதிதாக விற்கும் டங்-சால், முல்லார்ட் வால்வுகள் அந்தப் பழைய ஆலைகளில் பிறந்தவை அல்ல. பெயரை வாங்கியவர்கள் ரஷ்யாவின் சராத்தோவில் செய்பவை. மோசமான வால்வுகள் என்று சொல்லவில்லை, நினைவுச்சின்னத்துக்கான விலை கொடுக்காதீர்கள் என்கிறேன்.

ஒரு வகையைக் கழற்றி இன்னொன்றைச் சொருகுவது தனிக் கதை. சாக்கெட் ஒன்றுதான், உள்ளே கணக்கு வேறு. 6எல்6ஜிசி-யின் ஹீட்டர் (உள்ளே சூடேற்றும் இழை) 0.9 ஆம்பியர் இழுக்கும், 6550 1.6 ஆம்பியர். நான்கு வால்வு என்றால் கூடுதலாக 2.8 ஆம்பியர், பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதற்குத் தயாரா? 6எல்6 சாக்கெட்டில் இஎல்34 போடுவதானால், அதன் 1-ம் எண் காலை 8-ம் எண் காலோடு இணைத்தாக வேண்டும். இஎல்34 ஆம்பில் 6550 போட்டால் பயஸ் வோல்டேஜும் (வாசிக்காதபோது வால்வில் ஓடும் கரண்டை நிர்ணயிப்பது), சிக்னல் நுழையும் முனையான கிரிட்டின் ரெசிஸ்டரும் மாற வேண்டும். இஎல்34-க்குப் பழகிய 220 கிலோ ஓம் 6550-க்கு அதிகம். அப்படியே விட்டால் சூடு ஏற ஏற கரண்ட் கைமீறிப் போகும்.

அதே வகையைப் போட்டாலும் பயஸ் பார்க்காமல் விடக் கூடாது. கேத்தோடில் (எலெக்ட்ரான்கள் கிளம்பும் முனையில்) 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் வேலை சுலபம்: மீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். ப்ளேட்டில் 450 வோல்ட், வால்வு 6எல்6ஜிசி என்று வையுங்கள். 30 வாட்டை 450-ஆல் வகுத்தால் 67 மில்லி ஆம்பியர். அதில் 70 சதவீதம் சுமார் 47. அது மேல் எல்லை, இலக்கு அல்ல. எஸ்விடி போல 700 வோல்ட் பக்கம் ஓடும் ஆம்பில் இன்னும் கீழே வைக்க வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன எண்ணைத் தாண்ட வேண்டாம். ஆம்பை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும். அதை இறக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி. ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பிரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் சிறு வால்வுகள்) பக்கம் இவ்வளவு தலைவலி இல்லை, வழக்கமாக பயஸ் தொடவே வேண்டாம். 12ஏஎக்ஸ்7-ன் பெருக்கம் 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60. ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் உள்ள பேஸ்) வைத்து முதல் நிலையிலேயே டிஸ்டார்ஷன் வருகிறது என்றால் அங்கே 5751 போட்டுப் பாருங்கள். காசு குறைவு, பலன் கேட்கும். முதல் வால்வை ஆம்ப் ஓடும்போது பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தால் அது மைக்ரோஃபோனிக், அதாவது அதிர்வையே ஒலியாக்கும் வால்வு. ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே உட்காரும் பேஸ் ஆம்பில் அதை வைத்திருக்க முடியாது.

புது செட் போட்ட முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் நீல ஒளி படிந்தால் பயம் இல்லை. ப்ளேட் தகடு சிவக்கத் தொடங்கினால் யோசிக்காமல் அணையுங்கள். தலையில் உள்ள வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு குப்பைக்கு. சூடு நிலைத்த பிறகு பயஸை மறுபடி அளந்து பாருங்கள், எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.