திலாப்பியாக் குளத்தில் விராலா, வலையா?

வளவுக் குளத்தில் திலாப்பியா மீன் விட்ட ஆளுக்கு ஆறு மாதத்தில் ஒரே தலையிடிதான். இரண்டு மூன்று மாதத்திலேயே அது குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். தாய் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் சாவும் குறைவு. தீனுக்கு அடிபட்டு எல்லாம் விரலளவிலேயே நின்றுவிடும்.

குஞ்சைக் குறைக்க இரண்டு வழி: விரால் விடுவது, இல்லையேல் வலையால் வாருவது. விரால் விட்டால் அந்தக் குஞ்சுகளைத் தின்று தானும் வளரும். சந்தையிலும் விராலுக்குத்தான் மவுசு. ஆனால் திலாப்பியா உள்ளங்கை அகலம் வந்தபிறகே விடவேண்டும், அதுவும் வாய் சிறிய இளவிராலாக. முந்தியே விராலை விட்டால் முதலுக்கே மோசம். இன்னொன்று: விரால் காற்றையும் சுவாசிக்கும். ஐப்பசி மழையில் குளம் தளம்பினால் ஈரப்புல்லில் நெளிந்து நெளிந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். சுற்றிவர ஒரு முழ உயரத்துக்கு வலை கட்டாதவர் விரால் வளர்ப்பது அடுத்த வீட்டுக் கறிக்கு.

சிறுகண் வலையால் கிழமைக்கொருக்கா குஞ்சை வாரினால் அந்தப் பயமில்லை. வாரியது கோழிக்குத் தீன். ஆனால் தாமரைக்கொடி உள்ள குளத்தில் வலை இழுபடாது, இரண்டு கிழமை விட்டால் பழைய கதைதான்.

ஆவணியில் வற்றுகிற குளமென்றால் நான் வலையோடு நிற்பேன். வற்றாத குளத்துக்கு விரால்.