4 மடங்கு பெரிதாக்கும் ஒற்றைக்குழல்: ஆறு மாதம் கழித்து

எனக்குப் பிறவியிலேயே அல்பினிசம், அதாவது உடலில் நிறமி குறைவு. இந்தக் கையடக்கத் தொலைநோக்கியை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 4 மடங்கு பெரிதாக்கும். முன்வில்லை 12 மில்லிமீட்டர். கட்டைவிரலைவிடச் சற்று நீளம், சட்டைப்பையிலேயே கிடக்கிறது.

"கண்ணாடி போட்டால் சரியாகிவிடாதா?" என்று கேட்காதவர் இல்லை. போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணாடி பிம்பத்தைக் கூராக்கித் தரும். அதை வாங்கிக்கொள்ளும் விழித்திரைதான் என்னிடம் முழுதாக வளரவில்லை. கருவின் 25ஆம் வாரம் வாக்கில் விழித்திரையின் நடுவே ஒரு குழி விழத் தொடங்கும். உள் அடுக்குகள் ஒதுங்கி வழிவிட, நுணுக்கமாகப் பார்க்க உதவும் கூம்பு செல்கள் அங்கே வந்து நெருக்கியடித்துக்கொள்ளும். பிறந்த பின்னும் சில ஆண்டுகள் இந்த வேலை தொடரும். சாதாரணக் கண்ணில் அந்த மையத்தில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 லட்சம் செல்கள் சேர்ந்துவிடும். விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலத்தில் மெலனின் என்ற நிறமி போதாவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, எனக்குக் குழி இருக்கவேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. செல்கள் தள்ளித் தள்ளி நிற்கும் இடத்தில் பிம்பத்தைப் பெரிதாக்கி, அதிகச் செல்கள் மீது விரித்தால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும். அதை இந்தக் குழல் செய்துவிடுகிறது. ஏறி விசாரித்து இறங்கும் சங்கடமின்றி, வரும் பஸ்ஸின் எண்ணை நானே படிக்கிறேன்.

இரட்டைக்குழல் வாங்காதது கஞ்சத்தனம் அல்ல. பார்வை நரம்பிழைகளில் பாதிக்குச் சற்று அதிகமானவைதான் மூளையின் எதிர்ப்பக்கம் கடக்கவேண்டும். எங்களுக்குக் கடக்கக் கூடாதவையும் கடந்துவிடுகின்றன. அதனால் இரு கண்ணின் காட்சிகளும் மூளையில் சரியாக ஒன்றுசேர்வதில்லை. இரு கண்ணும் சேர்ந்து ஆழம் காட்டாத எனக்கு இரண்டாவது குழல் வீண் பாரம்.

முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்கிறது கையேடு. அது எனக்கு உதவாது. விழி ஓயாமல் ஆடும். முகத்தை வலப்பக்கம் திருப்பி, கண்ணை இடக்கோடிக்குக் கொண்டுபோனால் ஆட்டம் தணியும். குழலையும் அப்படியே சாய்த்துப் பிடிக்கிறேன். பழக இரண்டு வாரம் ஆயிற்று. பார்க்கும் வட்டமும் குறுகியது. முதலில் வெறுங்கண்ணால் பஸ்ஸைப் பிடித்து, பிறகே குழலை ஏற்றவேண்டும்.

பெரிய குறை, கண்பக்க ரப்பர் வளையம். மூன்றாம் மாதமே கழன்றுவிட்டது. மற்றவர்களுக்கு இது அற்பம். கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் பகுதியான ஐரிஸிலும் எனக்கு நிறமி குறைவு என்பதால் கண்மணி வழியாக மட்டுமல்ல, அதைச் சுற்றியும் வெளிச்சம் உள்ளே கசியும். கசிந்ததை உறிஞ்சப் பின்னால் போதிய மெலனினும் கிடையாது. வளையம் போன அன்று வெயிலில் எல்லாமே பால் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டது. சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறேன். வளையம் தனியாகக் கிடைக்குமா என்று தயாரிப்பாளருக்கு எழுதி ஒரு மாதமாகிறது, பதில் இல்லை.