கைக்குழந்தையோடு 7 மாதம் கேம்பர்வேனில்: நியூசிலாந்து அனுபவம்

கேம்பர்வேனை (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டி) ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு எழுதுவது இல்லை இது. அக்டோபரில் ஆக்லாந்தில் கிளம்பி மே கடைசியில் திரும்பினோம், 9,400 கிலோமீட்டர். கிளம்பும்போது பெரியவளுக்கு 5 வயது, நடுவில் இருப்பவனுக்கு 3, சின்னவளுக்கு 5 மாதம். ஏன் அந்த நேரம் என்றால், இங்கே நியூசிலாந்தில் பள்ளிக்கூடம் சட்டப்படி கட்டாயமாவது 6 வயதில்தான் (ஆனால் எல்லோரும் 5 முடிந்ததுமே சேர்த்துவிடுவார்கள்). எனக்கு மகப்பேறு விடுப்பு மொத்தம் 52 வாரம், அதில் 26 வாரத்துக்குத்தான் அரசாங்கப் பணம் வரும். என் கணவருக்கு வாரத்தில் 2 நாள் மடிக்கணினியில் முடிகிற வேலை கிடைத்தது. இதை விட்டால் இனி இப்படி ஒரு இடைவெளி கிடைக்காது என்று தோன்றியது. ஊரிலிருந்து அம்மா போனில், "பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு வண்டியிலயாடி குடித்தனம்?" என்றாள். அவள் பயந்தது கைக்குழந்தையை நினைத்து. கடைசியில் பார்த்தால் கைக்குழந்தைதான் எங்களுக்கு இருந்ததிலேயே சுலபம்.

வண்டி, வாடகைக் கம்பெனி ஓட்டி முடித்து விற்ற 7 மீட்டர் மோட்டார்ஹோம். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எத்தனை பேர் படுக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் கேட்டோம். 6 பேர் படுக்கலாம், 5 சீட் பெல்ட் என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டோம். வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று குழந்தை இருக்கைகளையும் பொருத்தப் பார்த்தால், பின்னால் மேசையை ஒட்டிய இருக்கைகளில் இரண்டில்தான் குழந்தை இருக்கையின் மேல் பட்டையை மாட்டும் கொக்கி இருந்தது. மூன்றாவதில் இடுப்புப் பட்டை மட்டும். இங்கே 7 வயது முடியும்வரை அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்த இருக்கையெல்லாம் அதற்கு உதவாது. சான்று கொடுக்கும் பொறியாளரைப் பிடித்து, தரையில் துளை போட்டு, கொக்கி வைத்து முடிக்க 3 வாரம் ஆனது, ஆயிரம் நியூசிலாந்து டாலருக்கு மேல் செலவு. அதனால் சொல்கிறேன், வண்டி பார்க்கப் போகும்போது உங்கள் குழந்தை இருக்கைகளைக் கையோடு தூக்கிக்கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சரி, கைக்குழந்தை எப்படிச் சுலபம்? பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், விட்ட இடத்தில் கிடக்கிறாள். இரவில் தொட்டில் கட்டில் ஒன்றை எங்கள் படுக்கைக்கும் சமையல் மேடைக்கும் நடுவே அளவெடுத்ததுபோல் வைத்துவிட்டோம். தட்டையான இடத்தில், மல்லாக்க, தனியாகத்தான் படுக்க வைக்க வேண்டும் என்று குழந்தை நலச் செவிலியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பகலுக்கு மட்டும், வண்டிக் கூரைக்கு உள்பக்கம் ஒரு இரும்புக் குழாய் போட்டு, என் பழைய பருத்திச் சேலையில் தூளி கட்டினோம், நான் கண்ணெதிரே இருக்கும்போது மட்டும். வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாமில் பக்கத்து வண்டிக்காரர்கள் இதை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். 8 மாதத்தில் தவழ ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் கஷ்டம். வண்டிக்குள் தவழ இருந்த இடம் ஒரு பாய் அகலம்.

மூன்று வயதுக்காரன் கதையே வேறு. அவனுக்கு ஓடணும், கத்தணும், கதவைத் திறந்து திறந்து மூடணும். தென் தீவில் (நாட்டின் இரண்டு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது) டிசம்பர் மாதம், அதாவது இங்கே கோடையில், இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், "இன்னும் சாயங்காலமே ஆகலையே" என்று படுக்கவே மாட்டான். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி தைத்துப் போட்ட பிறகுதான் எட்டு மணிக்குத் தூங்கினான். போகிற ஊரை முடிவு செய்ததும் பாதி அவன்தான், எங்கே நல்ல விளையாட்டுத் திடல் இருக்கிறதோ அங்கே. கிறைஸ்ட்சர்ச்சில் மார்கரெட் மேஹி திடலுக்கு மட்டும் 4 நாள் தொடர்ந்து போனோம். மழை வந்தால் ஊர் நூலகம். ஏறக்குறைய எல்லாச் சிற்றூரிலும் ஒன்று இருக்கிறது, குழந்தைகள் பகுதியில் கம்பளம், சூடு, கழிப்பறை எல்லாம் உண்டு, யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தென் தீவின் மேற்குக் கரையில் பெய்வதெல்லாம் நம் ஊர் ஐப்பசி அடைமழை மாதிரி, ஆனால் அது ஐப்பசியோடு நிற்காது. அந்தக் கரையில் உள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் பெய்கிறது. 5 பேர் மூச்சு விடுகிற பெட்டிக்குள் காலையில் ஜன்னலிலிருந்து தண்ணீர் வழியும். மெத்தைக்கு அடியில் பூசணம். ரப்பர் துடைப்பானால் கண்ணாடியை வழித்து எடுப்பது பெரியவளின் காலை வேலை, ஒரு கிண்ணம் நிறைய வரும், அளந்து காட்டுவாள். டீசல் ஹீட்டர் இல்லாமல் ஏப்ரலுக்கு மேல் தென் தீவில் குழந்தையோடு தங்கவே தங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. மழை விட்டால் மணல் ஈ. இங்குள்ள பூர்வகுடிகளின் மவோரி மொழியில் நாமு என்பார்கள். கொசு மாதிரி ரீங்காரம் கிடையாது, சத்தமில்லாமல் வந்து கடித்துவிட்டுப் போகும், ஒரு வாரம் அரிக்கும். சின்னவளின் தள்ளுவண்டியை அப்பாவின் பழைய வேட்டியால் முழுக்க மூடித்தான் வெளியே கொண்டுபோனோம்.

டயப்பர். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் அருமையானவை, 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணமே இல்லை, ஏரிக்கரையில் விடியும். ஆனால் பெரும்பாலும் குப்பைத்தொட்டி கிடையாது, கொண்டுவந்ததை நீங்களேதான் திரும்ப எடுத்துப் போக வேண்டும். இருவர் டயப்பர் போடுகிற வீட்டில் (நடுவில் இருப்பவன் இரவுக்கு இன்னும் போடுவான்) 4 நாளில் என்ன சேரும் என்று நினைத்துப் பாருங்கள். படகுக்காரர்கள் வைத்திருக்கும், வாயைச் சுருட்டி மூடுகிற ரப்பர் பை ஒன்றை வாங்கி வண்டியின் பின்னால் சைக்கிள் மாட்டும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். அதற்கு அப்புறம்தான் வண்டிக்குள் மனுஷர் இருக்க முடிந்தது.

கழிப்பறைத் தொட்டி 2 நாளைக்கு ஒரு முறை நிறையும். அதைக் கொட்டுவதற்கென்று ஊருக்கு ஊர் இடம் இருக்கிறது, அது கணவர் துறை, நான் கேட்டதே இல்லை. காசு கொடுக்காமல் ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் தங்க வேண்டுமானால் பெரும்பாலான இடங்களில் 2023 சட்டப்படி வண்டியிலேயே பதித்த கழிப்பறை வேண்டும், பச்சை நிறச் சான்று கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். தூக்கி வைக்கிற கழிப்பறையைக் காட்டி இனிச் சான்று வாங்க முடியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டில் பெரிய குறை இல்லை. குக்கர், இரண்டு அடுப்பு, ஆக்லாந்து சேண்ட்ரிங்ஹாமில் வாங்கி உறையவைத்த கறிவேப்பிலை. தோசை மாவு தென் தீவுக் குளிரில் புளிக்கவே மாட்டேன் என்றது, ஹீட்டர் காற்று வரும் துளைக்கு மேலிருந்த அலமாரியில் வைத்துப் பொங்க வைத்தேன். ஒரு நாள் பொங்கி என் காலணிக்குள் இறங்கியது. ஒரு முகாமில் காலை ஆறரைக்குக் குக்கர் விசில் அடித்ததும் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பெரியவர் பதறி வெளியே வந்தார். தீ அலாரம் என்று நினைத்தாராம். மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்கு மேல்தான் சோறு.

காய்ச்சல் வந்த இரவை மட்டும் மறக்க முடியாது. தென் தீவு மலைகளில் ஹாஸ்ட் கணவாய்ப் பக்கம், போனில் ஒரு கோடு கூட சிக்னல் இல்லை, சின்னவளுக்கு 39.2. ஈரத் துணியும் தாய்ப்பாலுமாக விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் வனாக்கா என்ற ஊர்ப் பக்கம் ஓட்டி, சிக்னல் கிடைத்த இடத்தில் நிறுத்தி, ஹெல்த்லைனைக் கூப்பிட்டோம். இலவசம், 24 மணி நேரமும் செவிலியர் பேசுவார். அந்த அம்மா கேட்ட கேள்விகளில் ஒன்று, குழந்தையின் எடை என்ன? பாராசிட்டமால் எடைக்குத் தகுந்தபடிதானே கொடுக்க வேண்டும். கடைசியாக எடை பார்த்து 2 மாதம் ஆகிவிட்டது. என் கணவர் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுத்து, தூளிச் சேலையில் அவளை வைத்து முடிச்சுப் போட்டு, படுக்கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்தார். 7.9 கிலோ. நான் அதைப் போனில் சொல்லி, எப்படிப் பார்த்தோம் என்பதையும் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை, அப்புறம் சிரிப்பு. அன்று மதியமே வனாக்காவில் டாக்டரிடம் காட்டினோம், காதில் தொற்று. இனிமேல் கிளம்பினால் சிக்னல் இல்லாத பகுதிக்குள் நுழையும் முன் மூன்று பேர் எடையையும் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிடுவேன்.

இதற்கு அப்புறம்தான் வேகத்தைக் குறைத்தோம். முதல் மாதம் ஊர் ஊராக ஓடினோம், ஒவ்வொரு நாளும் கட்டி அவிழ்ப்பதிலேயே போனது, நானும் அவரும் சண்டை போடாத நாள் இல்லை. குழந்தையை இருக்கையில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம், ஓர் இடத்தில் குறைந்தது 4 இரவு. வரைபடத்தில் 2 மணி நேரம் என்று காட்டும் மலைப்பாதை இந்த வண்டிக்கு 3 மணி நேரம், நடுவில் "சுச்சு" நிறுத்தங்கள் தனி.

செலவு, சாப்பாடு டீசல் எல்லாம் சேர்த்து மாதம் சராசரி 3,800 டாலர். வாரம் ஒரு இரவாவது காசு கொடுத்து ஹாலிடே பார்க்கில் தங்கினோம், துவைக்கும் இயந்திரத்துக்காகவே. டீசல் வண்டிக்கு ஓடும் கிலோமீட்டருக்குத் தனி வரி, 3.5 டன்னுக்கு உட்பட்ட எங்கள் வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர், முன்கூட்டியே வாங்க வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள், நாங்கள் மறந்தோம்.

பெரியவளுக்கு ஜூனில் 6 ஆனது, பள்ளியில் சேர்த்தோம். வண்டியை ஜூலையில் ஒரு வயதான தம்பதிக்கு விற்றோம். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, கூரைக்கு உள்ளே இருக்கும் அந்த இரும்புக் குழாய் எதற்கு என்று கேட்டார்கள். துணி காயப்போட என்று சொல்லிவிட்டார் என் கணவர்.