பாடும் பறவைப் பெட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் இதை வாசியுங்கோ

3,400 பிராங்க். மூன்று நாளாக இந்தத் தொகைதான் மண்டைக்குள் ஓடுகிறது. சுவிஸில் பழம்பொருட்களை ஏலத்தில் விற்கும் இணையத்தளம் ஒன்றில், சாவி கொடுத்தால் மூடி திறந்து குட்டி இயந்திரப் பறவை எழும்பிப் பாடும் பெட்டி ஒன்று வாங்கி ஏமாந்துவிட்டேன். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆறாது.

சுவிஸின் நூசாத்தல் நகர அருங்காட்சியகத்தில், ஜாக்கே-துரோ என்ற மணிக்கூட்டுக்காரரின் பட்டறை 1774இல் மக்களுக்குக் காட்டிய மூன்று இயந்திரப் பொம்மைகள் இருக்கின்றன. மகளோடு அவற்றைப் பார்க்கப் போன அன்றுதான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. அதே பட்டறைதான் 1780களில் ஜெனீவாவில் கையடக்கப் பெட்டிக்குள் பறவையைப் பாடவைத்தது. அதற்கு முன் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் குழல் வேண்டும். இவர்கள் ஒரே விசிலுக்குள் சின்னப் பிஸ்டனை ஓடவிட்டு எல்லாச் சுரத்தையும் எடுத்தார்கள். காற்றுக்கு மெல்லிய தோல் துருத்தி. பாட்டும் அலகசைவும் ஒரே அச்சில் சுற்றும், ஓரம் மேடுபள்ளமாக வெட்டிய தட்டுகளிலிருந்து வருவதால் அலகு பாட்டோடு சேர்ந்தே திறக்கும். இதை நான் நன்றாக அறிவேன். அறிந்தும் விழுந்தேன்.

விளம்பரத்தில் 'ஜெனீவா, 19ஆம் நூற்றாண்டு, நன்றாக இயங்குகிறது' என்றிருந்தது. கூடவே ஒரு குட்டி வீடியோ. விற்பவருக்குப் போன் எடுத்தேன். வயதான குரல், ஆறுதலாகக் கதைத்தார். "அப்பாவின் பெட்டி. என் பிள்ளைகளுக்கு அருமை தெரியாது. மதிக்கிறவர் கைக்குத்தான் போகவேண்டும்" என்றார். பிறகு "பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் சாவி முறுக்கினார். க்ரிக், க்ரிக். அடுத்த நொடி பறவை பாடியது. குசினியில் நின்ற மனைவிகூட வந்து காது கொடுத்தாள். அந்த இடத்தில்தான் நான் முழுதாக நம்பினேன். அன்றிரவே 3,400 பிராங்க் கட்டினேன்.

பெட்டி வந்தது. சாவி கொடுத்து நெம்பைத் தள்ளினேன். மூடி திறந்தது, பறவை ஒருபக்கம் சரிந்தபடி எழும்பியது. இரண்டு தரம் அலகைத் திறந்தது. பாட்டு இல்லை, 'ஸ்ஸ்' என்று காற்று மட்டும். அப்படியே நின்றுவிட்டது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணிக்கூடு திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்தவுடனேயே தலையாட்டினார். பழைய ஜெனீவாப் பெட்டிகளில் சுருள்வில்லின் இழுப்பைச் சீராக்க இருக்கும் கூம்பு உருளையும் நுண்சங்கிலியும் இதில் இல்லை. உள்ளே இருப்பது ஜெர்மனியின் கறுப்புக்காட்டுப் பகுதியில், ட்ரிபெர்க் ஊரில் 20ஆம் நூற்றாண்டில் செய்தது. அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அதன் விலை வேறு. துருத்தித் தோலை யாரோ பசை போட்டு ஒட்டியதில் அது விறைத்துவிட்டது. உலர்ந்தபடி ஓடவேண்டிய பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது இறுகிப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து வீடியோவைத் திரும்பப் போட்டேன். பாட்டு ஓடுகிறது, அலகு மூடியே இருக்கிறது! அன்றைக்கு நான் காதால் மட்டும் கேட்டேன், கண்ணால் பார்க்கவில்லை.

அந்த இணையத்தளத்துக்கு முறைப்பாடு கொடுத்தால், "படம் அனுப்புங்கள்" என்றார்கள். அனுப்பினேன். "நிபுணர் அறிக்கை வேண்டும்." அதற்கும் காசு கொடுத்து எடுத்து அனுப்பினேன். "தனியார் விற்பனை, எங்களுக்குப் பொறுப்பில்லை." விற்றவர், "நான் பாடவைத்துத்தானே அனுப்பினேன், தபாலில் உடைந்திருக்கும்" என்றார், அதன்பிறகு போனே எடுப்பதில்லை. தபாலில் கேட்டால் பொதி சரியில்லையாம். எல்லாரும் மரியாதையாகத்தான் பதில் எழுதுகிறார்கள். என் 3,400 பிராங்கைப் பற்றி மட்டும் ஒருவரும் கதைக்கிறார்கள் இல்லை.

இனி என்ன எழுதுவது, கை நடுங்குகிறது. வீடியோவை வெட்டாமல், பாட்டு முடிந்து பறவை தானாகப் படுத்து மூடி மூடும்வரை கேளுங்கோ. அலகைப் பாருங்கோ. அடித்தட்டைக் கழற்றி உள்வேலையின் படம் கேளுங்கோ, தர மறுத்தால் விட்டுவிடுங்கோ. போனில் கேட்ட பாட்டை நம்பவேண்டாம். நேரில் போகமுடியாத இடத்தில் காசு கட்டவே வேண்டாம்.

நேற்றிரவு அதே வீடியோ வேறு பெயரில் திரும்ப ஏறியிருக்கிறது. நீல எனாமல் மூடி, அதில் ஏரிக்கரைப் படம், இடது மூலையில் ஒரு கீறல். என்னிடம் வந்த பெட்டியில் அந்தக் கீறலே இல்லை. யாராவது அதற்கு விலை கேட்டிருந்தால் இப்பவே நிறுத்துங்கோ.